பெட்டி டிவியை நொறுக்கும் முன்

காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டியின் திரை போய்விட்டால் இன்று பெரும்பாலோர் அதற்குச் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். உள்ளே இருக்கும் கனத்த பிக்சர் ட்யூபைக் கழற்றி எறிந்துவிட்டு எல்சிடி திரை ஒன்றைப் பொருத்துகிறார்கள். எடை குறைகிறது, கரண்ட் செலவு குறைகிறது, படமும் பளிச்சென்று தெரிகிறது. ஆட்டம் மட்டும் கெட்டுப்போகிறது. அந்த இடத்துக்கு உரிய மாற்று வீடுகளில் பரணேறிக் கிடக்கும் பெட்டி டிவிதான். ஓடும் நிலையில் உள்ள அந்த டிவிகளை வேறுபாடு பார்க்காமல் மொத்தமாக நொறுக்குவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதே என் வாதம். திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தில் வீட்டை இடித்துக் கட்டினாலும், பக்கத்துச் சாலைக் கடைவீதியில் கடையை ஒழித்தாலும் முதலில் வெளியே போகும் சாமான்களில் இந்த டிவியும் ஒன்று. ஆக்ரிக் கடைக்காரர் எடைக்கு எடுப்பார். இல்லையென்றால் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனா வழியாக அரசின் கிளீன் கேரளா கம்பெனிக்குப் போகும். எந்த வழியில் போனாலும், இது இன்னும் படம் காட்டுமா என்று யாரும் ஒரு தடவை பிளக்கைச் செருகிப் பார்ப்பதில்லை.

ஆர்கேட் மானிட்டர் என்று தனிப்பெயர் இருந்தாலும் அது பிறந்தது வீட்டு டிவியிலிருந்துதான். தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட முதல் வீடியோ கேம் பெட்டி 1971-இல் வந்த ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’. அதன் திரை ஜெனரல் எலெக்ட்ரிக்கின் 15 அங்குலக் கறுப்பு வெள்ளை டிவி. அடுத்த ஆண்டு அடாரிக்காக ஆலன் ஆல்கார்ன் செய்த ‘பாங்’ மாதிரிப் பெட்டிக்குள் இருந்ததும் கடையில் வாங்கிய ஹிட்டாச்சி டிவிதான். பிறகு மானிட்டர்களைத் தனியாகச் செய்ய ஆரம்பித்தபோதும் அடிப்படை மாறவில்லை. டிவியிலிருந்து டியூனரையும் ரிமோட் வேலைகளையும் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ஆர்கேட் மானிட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உறவு விளங்கும். நம் ஊர் டிவி ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள் என்று நொடிக்கு 15,625 கோடுகள் வரைகிறது. எண்பதுகளின் ஆர்கேட் ஆட்டங்களில் பெரும்பாலானவை சுமார் 262 கோடுகளை நொடிக்கு 60 தடவை அனுப்புகின்றன. அதாவது 15,720 கோடுகள். இந்தச் சிறு வித்தியாசத்தை டிவியின் ஒத்திசைவுச் சுற்று தானே சரிசெய்துகொள்ளும். தொண்ணூறுகளுக்குப் பின் வந்த டிவிகளில் பெரும்பாலானவை 50-க்குப் பதில் 60 தடவை வரும் படத்தையும் முரண்டு பிடிக்காமல் ஏற்கும்.

எல்சிடியின் கதை வேறு. அதன் புள்ளிகள் கண்ணாடியிலேயே கட்டம் கட்டமாக நிலைத்தவை. 224 கோடுகளில் வரைந்த ஒரு படத்தை 1,080 வரிசைகளில் நிரப்ப வேண்டுமானால் ஒரு சிப் நடுவில் உட்கார்ந்து இழுத்து நீட்டியாக வேண்டும். நீட்டும்போது ஓரங்கள் மழுங்கும், அல்லது ஒரு வரிசை தடித்தும் மறு வரிசை மெலிந்தும் போகும். பல எல்சிடி டிவிகள் இந்தச் சிக்னலை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று கோடுகளைப் பிரித்து அனுப்பும் சாதாரண ஒளிபரப்பு என்றே தப்பாக எடுத்துக்கொண்டு அடுத்தடுத்த படங்களைக் கலந்துவிடுகின்றன. அடிபட்ட வீரன் மின்னி மின்னித் தெரிவதும், நிழல் பாதி ஊடுருவித் தெரிவதும் ஒரு படம் விட்டு ஒரு படம் வரைந்து செய்த தந்திரங்கள். கலந்த திரையில் நிழல் ஒன்று கோடு கோடாகும், அல்லது அடியோடு மறையும். கூடவே தாமதம் வேறு. சிப் ஒரு முழுப் படத்தைச் சேமித்து, நீட்டி, பிறகு காட்டுவதற்குள் பொத்தானை அழுத்திய விரல் காத்திருக்கிறது. காப்காமின் 1993-ஆம் ஆண்டு ‘கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்’ ஆட்டத்தை நம்மவர்கள் அதன் நாயகர்களில் ஒருவன் பெயரால் முஸ்தபா என்றே அழைப்பார்கள். அந்த வகை அடிதடி ஆட்டங்களில் ஓரிரு படங்களின் தாமதம் கைக்குத் தெரிந்துவிடும்.

துப்பாக்கி ஆட்டங்களில் இந்த விவாதத்துக்கே இடமில்லை. பிக்சர் ட்யூபில் ஒரு மின்னணுக் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகத் திரையைத் துடைத்தபடி போகிறது. ஆர்கேட் துப்பாக்கிகளில் பலவற்றின் முனையிலுள்ள ஒளி உணரி, கற்றை தன் கண் முன்னே கடந்த நொடித்துளியைப் பிடித்துக்கொள்கிறது. அதை வைத்து எந்த இடத்தைக் குறிபார்த்தோம் என்று ஆட்டத்தின் சர்க்யூட் பலகை கணக்கிடுகிறது. நின்டெண்டோவின் 1984 ‘டக் ஹன்ட்’ இன்னும் எளிய வழியில், திரையை ஒரு கணம் கறுப்பாக்கி வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டிச் சோதிக்கிறது. எல்சிடியில் கற்றை என்று ஒன்று கிடையாது, வெள்ளைக் கட்டமும் நேரத்துக்கு வராது. எவ்வளவு விலை கொடுத்த திரையானாலும் அந்தப் பழைய துப்பாக்கி அதன் முன் குருடுதான்.

மென்பொருள் வடிகட்டிகள் வந்துவிட்டனவே, 4கே திரையில் கோடுகளும் ஒளிக்கசிவும் பழைய ட்யூப் போலவே தெரிகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், நல்ல வடிகட்டிகள் இருக்கின்றன. வீட்டுக் கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடுகிறவருக்கு அதுவே போதும். அவர் கனமான டிவியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1990-இல் செய்த அசல் பலகை இன்னும் ஓடும் பெட்டியில், அதற்கும் திரைக்கும் நடுவே ஒரு கணினியை நுழைத்துப் பழைய திரையைப் போல நடிக்க வைப்பது, அசலே குறைந்த விலைக்கு எடைக்கடையில் கிடக்கும்போது, வீண் வேலை. இது பைத்தியக்கார ஆசை அல்ல என்பதற்குத் தென் கொரியாவில் ஒரு பெரிய சான்று இருக்கிறது. வீடியோ கலைஞர் நாம் ஜூன் பைக் 1988-இல் 1,003 டிவிகளை அடுக்கிச் செய்த கோபுரம் குவாச்சோன் நகரத் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிவிகள் மூப்படைந்து ஆபத்தாகிவிட்டதால் 2018-இல் அதை அணைத்தார்கள். எல்லாவற்றையும் எல்சிடியாக்கிவிடலாம் என்ற யோசனையும் பேசப்பட்டது. கடைசியில் பெரும்பகுதியைப் பழுதுபார்த்தும், அதே வகைப் பழைய ட்யூப்களைத் தேடி வாங்கிப் பொருத்தியும், மேலடுக்கின் சிறிய திரைகளை மட்டும் எல்சிடியாக்கியும் 2022-இல் மறுபடி ஒளிரவிட்டார்கள். ட்யூப் கிடைத்த இடத்தில் ட்யூப், கிடைக்காத இடத்தில் எல்சிடி. வீடியோ கேம் பெட்டிக்கும் இந்த வரிசைதான் நியாயம்.

இனி வேலையின் கஷ்டத்தைப் பேச வேண்டும், ஏனென்றால் வாதத்தின் பலவீனம் அங்கேதான் இருக்கிறது. ஆர்கேட் பலகை சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி வயர்களில் அனுப்புகிறது. நம் நாட்டு டிவிகளில் பெரும்பாலும் இருப்பதோ ஒரே மஞ்சள் ஏவி துளை. மூன்று நிறங்களையும் ஒன்றாகப் பிசைந்து அந்த மஞ்சள் துளையில் கொடுக்க என்கோடர் பலகைகள் கிடைக்கின்றன. படம் வரும், கொஞ்சம் கலங்கலாக வரும். நல்ல மெக்கானிக் வேறு வழி பார்ப்பார். சேனல் நம்பரையும் ஒலி அளவையும் திரையில் எழுதுவதற்காக டிவிக்குள்ளேயே மூன்று நிறக் கோடுகள் தனியாகப் போகின்றன; பல மாடல்களில் அந்த வழியாகவே ஆட்டத்தின் நிறங்களை ஏற்றிவிடலாம். சிலர் மானிட்டரின் சர்க்யூட்டை வைத்துக்கொண்டு டிவியின் ட்யூபை மட்டும் மாற்றுவார்கள். அதற்குக் கற்றையைத் திருப்பும் யோக் சுருள்களின் அளவு ஒத்துப்போக வேண்டும். பாக்மேன் போலத் திரையை நட்டுக்குத்தலாக வைக்கும் பெட்டிகளில், சாய்த்து வைத்த டிவியில் பூமியின் காந்தப்புலத்தால் நிறத் திட்டுகள் விழலாம், டீகாஸ் செய்து காந்தத்தை நீக்கியாக வேண்டும். நிமிர்ந்து நிற்பதற்காகச் செய்த டிவி என்பதால் சூடு வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். 1979-இன் ‘ஆஸ்டராய்ட்ஸ்’ போலக் கற்றையை நேராக ஓட்டிக் கோட்டோவியம் வரையும் ஆட்டங்களுக்கு எந்த டிவியும் உதவாது.

ஆபத்தும் சிறியதல்ல. ட்யூபின் பக்கவாட்டு ரப்பர் மூடிக்கடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்னேற்றம் தங்கியிருக்கும். பல டிவிகளின் சேசிஸ் நேராக மெயின் கரண்டோடு தொடர்புடையது. ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதில் கேம் பலகையின் வயரை இணைத்தால் காசு போடும் இரும்புக் கதவு வரை ஷாக் வரும். ஆகவே இது வீடியோ பார்த்துவிட்டு ஸ்குரூ டிரைவரோடு உட்காரும் வேலை இல்லை. ஆனால் இது என் வாதத்துக்கு எதிரானது அல்ல, அவசரத்துக்குக் காரணம். எல்ஓடி என்ற உயர் மின்னழுத்த டிரான்ஸ்ஃபார்மரை மாற்றவும் ட்யூபை டிஸ்சார்ஜ் செய்யவும் கை பழகிய டிவி மெக்கானிக்குகள் ஒரு தலைமுறையோடு ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ட்யூபைச் சேமித்துவிட்டு, அதைத் தொடத் தெரிந்தவரைத் தவறவிட்டால் பயன் இல்லை.

ஈயம் பற்றிய ஆட்சேபம்தான் எல்லாவற்றிலும் கனமானது. பிக்சர் ட்யூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு. இப்படிப்பட்ட நஞ்சை வீட்டிலும் கூடத்திலும் வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா என்று கேட்பது நியாயம். ஆனால் கண்ணாடியோடு பிணைந்த ஈயம் முழு ட்யூபிலிருந்து காற்றில் கலப்பதில்லை. அதை உடைக்கும்போதும், அரைக்கும்போதும், செம்புச் சுருளுக்காகக் குப்பைமேட்டில் எரிக்கும்போதும்தான் அது மண்ணுக்கும் மூச்சுக்கும் வருகிறது. முன்பு பழைய ட்யூப் கண்ணாடியை உருக்கிப் புது ட்யூப் செய்தார்கள். குஜராத்தில் பரூச் அருகே இருந்த வீடியோகான் ஆலை அமெரிக்காவிலிருந்து வந்த கண்ணாடியைக்கூட வாங்கி உருக்கியது. புது ட்யூப் தயாரிப்பு நின்றபின் அந்த வழி அடைபட்டு, உலகெங்கும் ஈயக் கண்ணாடி போக்கிடம் தேடிக் குவிந்தது. ஓடுகிற டிவியை அவசரமாக நொறுக்குவதால் நஞ்சு ஒழிவதில்லை, பாதுகாப்பான ஓரிடத்திலிருந்து பாதுகாப்பு குறைந்த இன்னோரிடத்துக்கு மாறுகிறது. மின்சாரத்தைப் பொறுத்தவரை 14 அங்குல டிவி சுமாராக ஒரு குண்டு பல்பின் அளவுதான் இழுக்கும். பெட்டிகளின் எண்ணிக்கையை நினைத்தால் இதைப் பேசவே வேண்டாம்.

இவ்வளவுக்கும் டிவி எங்கே கிடைக்கும்? தமிழக எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் போதும். தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 2011-க்குள் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரைக்கும் நாடே விவாதித்தது. இலவசம் சரியா, ஓட்டுக்கு விலையா என்று வாதாடியவர்களில், இத்தனை கோடிக் கண்ணாடி வயதானதும் எங்கே போகும் என்று கேட்டவர்கள் அரிது. இந்த அளவில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே அளவுத் திரையோடு கிடைக்கும் டிவிக் கையிருப்பு உலகில் வேறெங்கும் எளிதில் அமையாது. 14 அங்குலம் சிறியது என்பார்கள். பெரிய பெட்டிகளின் 19 அங்குலத் திரைக்கு அது சிறியதுதான், அங்கே 20, 21 அங்குல டிவி வேண்டும். மேசை அளவுப் பெட்டிக்கும் பள்ளிக்கூடச் செய்முறை மேசைக்கும் 14 தாராளம்.

நான் கேட்பது எல்லா டிவியையும் காப்பாற்ற வேண்டும் என்பதல்ல. நூற்றில் தொண்ணூற்றொன்பது மறுசுழற்சிக்கே போகட்டும், முறையாகப் போகட்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் மறுசுழற்சி செய்வோரோடு, பழுதுபார்த்துப் புதுப்பிப்போரையும் தனி வகையாகப் பதிவு செய்யச் சொல்கின்றன. சட்டத்தில் இடம் இருக்கிறது. சேகரிப்பு மையத்தில் எடை போடும் முன் பிளக்கைச் செருகிப் பார்த்து, படம் தெளிவாக வருபவற்றில் சிலவற்றை ஒதுக்கி ஐடிஐகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் கொடுக்கலாம். மூத்த மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்து, உயர் மின்னழுத்த வேலையை மாணவர்கள் கண் முன்னே செய்துகாட்டச் சொல்லலாம். திருவனந்தபுரத்துக் கேரள மாநில அறிவியல் தொழில்நுட்ப அருங்காட்சியகமோ சென்னைக் கோட்டூர்புரத்துப் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமோ ஒரு துப்பாக்கி ஆட்டப் பெட்டியைப் பெட்டி டிவியோடு நிறுத்தி வைத்தால், மின்னணுக் கற்றை என்ன செய்கிறது என்பதைப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்கு வெளியே சுட்டுப் பார்க்கலாம். ஒதுக்குகிறவர்கள் டிவியோடு அதன் அசல் ரிமோட்டையும் கேட்டு வாங்கி, டிவியின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டிவைக்க வேண்டும். படத்தின் உயரம், அகலத்தைத் திருத்தும் சர்வீஸ் மெனு பிற்கால டிவிகளில் பெரும்பாலும் அந்த ரிமோட்டில்தான் திறக்கும்.