யாரும் திறக்காத பெட்டி

பழைய டியூப் கிட்டார் ஆம்ப் விற்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: "எல்லாமே ஒரிஜினல். இதுவரை ஒருத்தரும் திறந்ததில்லை." வாங்குபவரும் அதைக் கேட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். 1965-இல் செய்த ஒரு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அன்றைக்கு ஃபேக்டரியில் மூடியது மூடியபடி இருந்தால் விலை எகிறுகிறது. அதற்குள் நாலைந்து கெபாசிட்டர்களை மாற்றியிருந்தால் முகம் சுளிக்கிறார்கள். பராமரிக்காமல் விட்டவனுக்குப் பரிசு, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டவனுக்கு அபராதம்!

வீட்டில் வால்வு ரேடியோ பார்த்தவர்களுக்கு இந்தச் சாதனம் புதிதல்ல. சுவிட்சைப் போட்டதும் பாடாது. வால்வு (டியூப் என்பதும் இதுதான்) சூடேற வேண்டும். கிட்டார் ஆம்ப்பும் அதே வம்சம். ஃபெண்டர் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர், 1938-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர். ரிப்பேர்க்காரனின் அவஸ்தை தெரிந்தவர் என்பதை அவருடைய ஆம்ப்பின் உட்புறமே சொல்லிவிடும். ஒரு அட்டைப் பலகையில் உதிரிபாகங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதை வேண்டுமானாலும் சால்டரிங் அயர்ன் வைத்துக் கழற்றலாம். டியூப்களைச் சாக்கெட்டிலிருந்து கையாலேயே பிடுங்கலாம். திறக்கப்படும் என்று தெரிந்தே செய்த பெட்டி அது. நம்மாட்கள்தான் அதைக் கர்ப்பகிரகமாக்கிவிட்டார்கள்.

சேசிஸ் என்ற உலோகச் சட்டத்தின் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் தகர மூடியைக் கழற்றினால் ஃபில்டர் கெபாசிட்டர்கள் தெரியும். அட்டை உறை போர்த்திய உருளைகள். உள்ளே இருக்கும் ரசாயன ஈரம்தான் அவற்றின் உயிர். பதினைந்து, இருபது வருடத்தில் அது வற்றத் தொடங்கும். முனையிலிருக்கும் ரப்பர் அடைப்பு புடைத்துக்கொள்ளும், சிலவற்றில் பிசின்போல ஏதோ கசிந்து காய்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஆம்ப்பை ஆன் செய்தால் அடிநாதமாக ஓர் உறுமல். அமெரிக்க மின்சாரம் 60 சைக்கிள் என்பதால், இந்த உறுமல் அதன் இரட்டிப்பான 120 சைக்கிளில் வரும். தடித்த கம்பிகளின் ஒலி சேறாகிவிடும். மெல்லிய கம்பியில் உயரமான சுரத்தை இழுத்துப் பிடித்தால், கூடவே சம்பந்தமில்லாத இன்னொரு சுரம் கீழே முனகும். இதைத்தான் "பழசுக்கே உரிய குணம்" என்று சிலாகிக்கிறார்கள். குணமாவது ஒன்றாவது, அது நோய்.

பழைய ரெக்கார்டுகளில் கேட்ட அந்த ஒலி வேண்டும் என்றுதானே இத்தனை பாடு? 1966-இல் எரிக் கிளாப்டன், ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்துக்கு மார்ஷல் ஆம்ப்பில் வாசித்தபோது அது புது ஆம்ப். அதன் கெபாசிட்டர்கள் ஈரம் காயாதவை, ரெசிஸ்டர்கள் குறித்த மதிப்பை விட்டு நகராதவை. நாம் மயங்கும் ஒலிகளில் பெரும்பகுதி புதுச் சாமானிலிருந்து வந்ததுதான். அந்த ஒலியிலிருந்து வெகுதூரம் விலகி நிற்பது எது என்றால், இத்தனை வருடம் யாருமே தொடாத ஆம்ப்தான்.

ஒலியாவது ரசனை, உயிர் அப்படியல்ல. அந்தக் கால அமெரிக்க ஆம்ப்களில் பெரும்பாலும் இரண்டு கால் பிளக்தான், எர்த் கிடையாது. மெயின்ஸ் கம்பிக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கும். டெக்னீஷியன்கள் அதற்கு வைத்த பெயர் டெத் கேப். அது ஷார்ட் ஆனால் சேசிஸில் மின்சாரம் பாயும். சேசிஸிலிருந்து கிட்டார் கம்பிக்கு, கம்பியிலிருந்து விரலுக்கு. எதிரில் எர்த் ஆன மைக்கில் உதடு பட்டால் சுற்று முழுமையாகிவிடும். கையில் கிட்டாரும் எதிரில் மைக்கும், நடுவில் எர்த் கோளாறும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1972-இல் ஸ்வான்சீ மேடையில் இறந்துபோன ஸ்டோன் த குரோஸ் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வியே சாட்சி. அந்தக் கெபாசிட்டரை எடுத்துவிட்டு மூன்று பின் பிளக் போடுவதை "ஒரிஜினாலிட்டி போச்சு" என்று எதிர்ப்பவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

இன்னொன்று. டீலக்ஸ் ரிவெர்ப்பின் காலத்தில் ஆம்ப்களை 117 வோல்ட் கணக்கில் செய்தார்கள். இன்று அமெரிக்க வீடுகளில் 120 வோல்ட்தான் கணக்கு, சில இடங்களில் 125-ஐத் தொடும். ஆக, ஆம்ப்பைத் தொடாவிட்டாலும் அதற்குள் போகும் மின்சாரம் பழைய மின்சாரம் அல்ல. "அப்படியே இருக்கிறது" என்பதே பொய்க்கணக்கு.

தொட்டால் கெட்டுவிடும் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. மார்ஷலின் முதல் ஆம்ப்பே ஃபெண்டர் பாஸ்மேனைப் பார்த்து, லண்டனில் கிடைத்த பாகங்களை வைத்துச் செய்ததுதான். ராண்டல் ஸ்மித் குட்டி ஃபெண்டர் பிரின்ஸ்டன்களைப் பிரித்து, பவரைக் கூட்டி, பெரிய ஸ்பீக்கர் மாட்டினார். கார்லோஸ் சான்டானா அதில் வாசித்தார். ஸ்மித்தின் மீசா பூகி கம்பெனி அங்கிருந்துதான் முளைத்தது.

எதையும் மாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. டிரான்ஸ்ஃபார்மர், கேபினட், கிழியாத ஸ்பீக்கர் இவற்றில் கை வைக்கக் கூடாது. அந்தக் காலத்தின் கைவேலை அங்கேதான் இருக்கிறது. கரகரக்காத ரெசிஸ்டரும் இருந்துவிட்டுப் போகட்டும். டியூப் தேயும் பொருள். நல்ல பழைய ஆர்சிஏ கிடைத்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் ரஷ்யாவின் சரடோவில் செய்ததும் ஸ்லோவாகியாவில் செய்ததும் வாசிக்கவே செய்யும். சேகரிப்பாளருக்கு விற்கும் எண்ணம் இருந்தால், கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம்.

திறந்து பார்க்கும் வேலையை டெக்னீஷியனிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த ஃபில்டர் கெபாசிட்டர்களில் 400 வோல்ட் தேங்கி நிற்கலாம். "ஒருத்தரும் திறந்ததில்லை" என்று விற்பவர் பெருமையடித்தால், சர்வீஸ் கூலியைக் கழித்துக்கொண்டு விலை கேளுங்கள்.