கற்றையின் தரமும் அளவையின் நேர்மையும்

பழைய மாணவன் ஒருவன்

துணிக்கை ஆர்முடுக்கிகளைப் பற்றிப் பேசப் புகுவோர் அவற்றின் பருமனையும் வலுவையுமே வியந்து கூறுவர். ஜெனீவா நகரின் அருகே நிலத்தின்கீழ் அமைந்த வளையம் 27 கிலோமீற்றர் சுற்றளவுடையது என்பர். 2012ஆம் ஆண்டில் ஹிக்ஸ் துணிக்கை அங்கே வெளிப்பட்டது என்பர். வளையத்தில் ஓடுங் கற்றை நற்கற்றைதானா என்று அல்லும் பகலும் அளந்துகொண்டிருப்போரை நினைப்பவர் மிகச் சிலரே. அவ்வளவையே அக்கருவியின் உயிர் என்பது என் துணிபு.

கற்றையிலுள்ள துணிக்கைகளின் தொகை மட்டும் அதன் தரமாகாது. அங்கே ஒரு திரளிற் பதினாயிரங் கோடிக்கு மேற்பட்ட புரோத்தன்கள் உள. அத்தகைய இரு திரள்கள் எதிரெதிரே ஊடுருவுங்கால் நிகழும் மோதல்கள் சில பத்தே. ஏனைய புரோத்தன்கள் வாளா கடந்துபோம். ஆதலின் கற்றை எத்துணை மெல்லியது, அதன் துணிக்கைகள் எத்துணை ஒரே திசை நோக்கியன என்னும் இரண்டையுஞ் சேர்த்தே தரத்தை மதிப்பர். காந்தங்களாற் கற்றையை நெருக்கினால் அகலங் குறையும். திசைச் சிதறலோ கூடும். இரண்டின் பெருக்கங் குறைவதில்லை. தொடக்கத்திற் கெட்ட கற்றையைப் பின்னர்க் காந்தங்கொண்டு திருத்தல் இயலாது.

இதனை அளப்பது எங்ஙனம்? மயிரினும் மெல்லிய கரியிழையொன்றைக் கற்றைக்குக் குறுக்கே விரைந்து செலுத்தி, சிதறுந் துணிக்கைகளைக் கொண்டு கற்றையின் வடிவை அறிவது ஒரு முறை. சைமன் வான் டெர் மீர் என்னும் ஒல்லாந்தப் பொறியியலாளர் 1968இற் பிறிதொரு முறை கண்டார். ஒரு கற்றையை மற்றதன் குறுக்கே சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோரிடத்தும் நிகழும் மோதல்களை எண்ணுதலே அது. மிக எளிய அம்முறை இன்றுங் கையாளப்படுகின்றது.

துணிக்கைகளின் விலகலை வளையத்தின் ஒரு புறத்தில் அளந்து, அச்செய்தியைக் குறுக்குவழியே அனுப்பி, அவை மறுபுறம் வந்து சேருமுன் திருத்தத்தை ஆயத்தஞ் செய்யும் உபாயமும் அவருடையதே. காந்தங்களால் இயலாததை அது இயற்றியது. அளந்தறிந்தமையாலேயே திருத்த முடிந்தது. 1983இல் டபிள்யூ, இசட் துணிக்கைகள் வெளிப்படுதற்கு அது துணையாயிற்று. மறுவருடம் கார்லோ ரூபியாவுடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இனி நம் ஆய்வுகூடங்களை நோக்குவோம். எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் மாணவன், புத்தகங் கூறும் விடை கிடைக்குமாறு தன் வாசிப்புக்களை மாற்றி எழுதுதல் புதுமையன்று. யானும் அவ்வாறு எழுதியவனே. சரியான விடைக்கன்றோ புள்ளி என்பர் சிலர். உண்மை, ஆயின் அப்புள்ளியோடு பொய்யளவும் பழக்கமாகிவிடுகின்றது. மாற்றி எழுதிய வாசிப்பிலிருந்து ஊசலின் குறையையோ தன் கையின் குறையையோ மாணவன் என்றும் அறியான். அறியாத குறையைத் திருத்துவது எவ்வாறு?

ஆகவே ஆசிரியர்கள் விடையினும் வாசிப்பின் நேர்மைக்கும், வழுவின் எல்லையை எடுத்துரைத்தற்கும் மிகுதியாகப் புள்ளி வழங்குவாராக. பழைய மாணவர்களாகிய நாம் இவ்விழாக் காலத்திற் கட்டடங்களோடு நல்ல தராசுகளையும் நுண்மானிகளையும் ஈவோமாக. மாணவர்காள், பிழைத்த அளவையும் கண்டவாறே எழுதுங்கள். கற்றையைப் போன்றே கல்வியும் தொடக்கத்திற் செம்மையாதல் வேண்டும்.