துப்பறிந்தவன் ஏன் மௌனமானான்?

துப்பறியும் நாவல் என்ற பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்துக்கொள்வோர் நம்மவரிடையே பலர் உளர். பிணம் ஒன்று, பொலிஸ்காரன் ஒருவன், கடைசி அத்தியாயத்திலே கைவிலங்கு. இதிலே இலக்கியம் எங்கே, சமுதாயம் எங்கே என்று அவர்கள் கேட்பார்கள். மலிவான மர்மக் கதைகள் வாசகனின் சிந்தனையை மழுங்கடிப்பன என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், ஒரு துறையிலே குப்பை மலிந்திருப்பதே அத்துறையைப் புறக்கணிப்பதற்குப் போதிய நியாயமாகுமெனில், கவிதையை நாம் என்றோ கைவிட்டிருக்க வேண்டும்.

இதனை எழுதத் தூண்டியவள் நாம் கற்பிக்கும் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி. தடித்த ஆங்கில நாவலொன்றை வாசித்து முடித்துவிட்டு, ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறை வாசலிலே வந்து நின்று அவள் கேட்டாள்: “எல்லாத்தையும் கண்டுபிடிச்சவர், பிறகு ஏன் சேர் ஒண்டும் எழுதாமல் விட்டவர்?” அன்று நாம் அவளுக்குத் திருப்தியான விடை கூறவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தோம். பின்னர் அந்நாவலை மீண்டும் எடுத்துப் படித்தபோதுதான், தேர்ந்த விமர்சகர் பலர் தொடாமற் போன இடத்தை அச்சிறுமி தொட்டிருக்கிறாள் என்பது புலனாயிற்று.

நாவல், சுவீடிய எழுத்தாளர் ஸ்டீக் லார்சன் எழுதியது, 2005இல் வெளிவந்தது. மூலத்திலே அதன் பெயர் ‘பெண்களை வெறுக்கும் ஆண்கள்’. 2008இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டபோது ‘டிராகன் பச்சை குத்திய பெண்’ என்றாயிற்று. ஆசிரியன் குற்றவாளிகளின் பெயரால் நூலை அழைத்தான். வியாபாரி அதை அழித்துவிட்டு ஒரு பெண்ணின் உடம்பைத் தலைப்பாக்கினான்! இது சிறு விடயமன்று என்றே நாம் கருதுகிறோம்.

லார்சன் வெறும் கதை வியாபாரியல்லர். 1954இற் பிறந்தவர், இளமையிலேயே இடதுசாரி இயக்கத்திற் சேர்ந்தவர், 1995இல் ‘எக்ஸ்போ’ என்ற சஞ்சிகையை நிறுவிய குழுவில் ஒருவராகி, நாஜிக் கும்பல்களை அம்பலப்படுத்துவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர். 2004இல், தம் நாவல்களில் ஒன்றேனும் அச்சேறு முன்னரே, ஐம்பதாவது வயதில் மாரடைப்பால் மாண்டார். நூலின் பகுதிதோறும் முகப்பிலே ஒரு புள்ளிவிவரத்தை அவர் வைத்திருக்கிறார். பாலியல் வன்முறைக்கு ஆளான சுவீடியப் பெண்களில் நூற்றுக்கு 92 வீதமானோர் தமக்கு இறுதியாக நேர்ந்த கொடுமையைப் பற்றிப் பொலிசாரிடம் முறையிடவில்லை என்பது அவற்றுள் ஒன்று. இந்த எண்ணை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம்.

இந்த வழியை வெட்டியவர்கள் அவருக்கு முன்னோரான மாய் ஷோவாலும் பேர் வாலோவும் ஆவர். 1965 முதல் 1975 வரை பத்துத் துப்பறியும் நாவல்களை இணைந்து எழுதிய இத்தம்பதிகள் மார்க்ஸியவாதிகள். 1971இல் வெளிவந்த அவர்களது நாவலொன்றில், மருத்துவமனைப் படுக்கையிற் கிடந்த பொலிஸ் அதிகாரி ஒருவன் கொல்லப்படுகிறான். கொன்றவனைத் தேடிப் புறப்படும் மார்ட்டின் பெக்கின் கையிலே சிக்குவது ஒரு கட்டுக் கடதாசி. இறந்த அதிகாரியின் கொடுமைகளைப் பற்றிப் பொதுமக்கள் ஆண்டுக்கணக்காக அனுப்பிய முறைப்பாடுகள் அவை. ஒவ்வொன்றும் ‘நடவடிக்கை தேவையில்லை’ என்ற பாணியிலே மூடப்பட்டவை. நீரிழிவு நோயினால் மயங்கி விழுந்த ஒரு பெண்ணை, குடிகாரியென்று எண்ணிப் பொலிஸ் கூட்டிலே அடைத்துச் சாகவிட்ட கதையும் அங்கே வருகிறது. துப்பறிவாளன் கொலையாளியைத் தேடிச் சென்று, கொலையாளியை உருவாக்கிய அலுவலகத்தைக் கண்டுபிடிக்கிறான்.

இனி லார்சனின் கதைக்கு வருவோம். (முடிவைச் சொல்லிவிடுகிறோமே என்று குறைகூறுவோர், முடிவை மறைத்தால் வலுவிழந்துபோகும் நாவலைத் திருப்பிப் படிக்கத்தான் வேண்டுமா என்று சிந்திக்கட்டும்.) மிக்கேல் புளொம்க்விஸ்ட் என்ற பத்திரிகையாளன், வென்னர்ஸ்ட்ரோம் என்ற நிதி முதலையை அம்பலப்படுத்தப் போய் அவதூறு வழக்கிலே தோற்று, மூன்று மாதச் சிறைத்தண்டனை பெற்றவன். அவனை ஹென்ரிக் வாங்கர் என்ற முதிய தொழிலதிபர் அழைத்து, 1966இல் பதினாறு வயதிற் காணாமற்போன தம் சகோதரனின் பேத்தி ஹரியட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கண்டறியச் சொல்கிறார். புளொம்க்விஸ்டும், கணனி வித்தையிலே தேர்ந்த லிஸ்பெத் சலாண்டர் என்ற யுவதியும் தேடுகின்றனர். ஹரியட்டின் நாட்குறிப்பிலே சில பெயர்களும் எண்களும். அவ்வெண்கள் விவிலியத்தின் லேவியர் ஆகமத்து வசனங்கள். அப்பெயர்கள் கொடூரமாகக் கொல்லப்பட்ட பெண்களுடையவை. ஹரியட்டின் தந்தை கொட்ஃபிரிட் தொடங்கிவைத்த அக்கொலைத் தொழிலை அவள் அண்ணன் மார்ட்டின் தொடர்ந்து நடத்துகிறான். மார்ட்டின் யார்? வாங்கர் கொம்பனிகளின் தலைமை நிர்வாகி! நல்ல விருந்தாளி, கண்ணியமான கனவான். அவன் வீட்டு நிலவறையே கொலைக்களம். யாரும் தேடிவரமாட்டார்கள் என்று அவன் நம்பிய பெண்களையே, பிற நாடுகளிலிருந்து வந்து வேரூன்றாத ஏழைப் பெண்களையே, அவன் பிடித்துவந்தான்.

இங்கேதான் நாவலின் உண்மையான வலிமை இருக்கிறது. பெரிய மனிதன் ஒருவன் பல்லாண்டுக் காலம் பிடிபடாமல் வேட்டையாட முடிந்தது அவன் மதிநுட்பத்தினாலன்று. காணாமற்போனால் எவரும் தேடாத மனிதர் என ஒரு வகுப்பாரை அச்சமுதாயம் வைத்திருந்ததே காரணம். அவனுடைய பாதுகாவலர் பணமும் பதவியும் மட்டுமல்லர். பிறருடைய அசட்டையும் ஒரு பாதுகாவலனே.

மார்ட்டின் தப்பியோடி, லொறியொன்றுடன் காரை மோதி மடிகிறான். ஹரியட் அவுஸ்திரேலியாவில் உயிருடன் இருக்கிறாள். தந்தையாலும் அண்ணனாலும் சீரழிக்கப்பட்டு உயிர்தப்பி ஓடியவள் அவள். இனி என்ன? எழுதுவதே தொழிலாகக் கொண்டவன், எழுதியதற்காகச் சிறை சென்றவன், பேனாவை எடுப்பான் என்று எதிர்பார்க்கிறோம். அவன் எடுக்கவில்லை! வாங்கர் குடும்பத்துச் சட்டத்தரணி மன்றாடுகிறார். சலாண்டரும் மறைத்துவிடவே வாதாடுகிறாள். மார்ட்டின் சேர்த்துவைத்த சான்றுகள் அழிக்கப்படவேண்டும்; பலியானோரை இயன்றவரை கண்டறிந்து குடும்பத்தாருக்கு ஈடு வழங்கவேண்டும்; பெண்கள் காப்பகங்களுக்குக் கொம்பனி ஆண்டுதோறும் நன்கொடை அளிக்கவேண்டும் என்று உடன்பாடாகிறது. புளொம்க்விஸ்டின் மனம் உறுத்துகிறது. அதனை ஆசிரியர் மறைக்கவில்லை. உறுத்திய மனத்தோடு அவன் வென்னர்ஸ்ட்ரோமின் பக்கம் திரும்புகிறான். ஒரு சிறப்பிதழும் ஒரு நூலுமாக அந்த நிதி முதலையைத் தரைமட்டமாக்குகிறான். நாவல் வெற்றி முழக்கத்துடன் முடிகிறது.

மாணவியின் கேள்வி இந்த இடத்திலே பிறந்தது. பங்குச் சந்தைக் கொள்ளையன் ஊரறிய வீழவேண்டும். பெண்களைக் கொன்றவன் மட்டும் விபத்திலே மாண்ட கனவானாகக் கல்லறை புகவேண்டும். இது என்ன நீதி? இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

செய்தி வெளியானால் கொம்பனி சரியும், ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையிழப்பர் என்பது ஒன்று. முதலாளிக்கு ஆபத்து நேரும்போதெல்லாம் தொழிலாளியின் வயிற்றைக் கேடயமாகப் பிடிக்கும் பழைய வித்தை இது. இடதுசாரி ஒருவரின் நூலிலே இதனைக் காண்பது வேதனைக்குரியது. விந்தை யாதெனில், இதே நாவலின் பிற்பகுதியில் இதே புளொம்க்விஸ்டிடம், உன் எழுத்தினால் நாட்டின் பொருளாதாரம் ஆட்டங்காண்கிறதே என்று தொலைக்காட்சியிற் கேட்கிறார்கள். பங்குச் சந்தை வேறு, பொருளாதாரம் வேறு. உழைப்பாளர் ஆக்கும் பொருள்களும் சேவைகளுமே பொருளாதாரம் என்ற கருத்திலே அவன் விடையிறுக்கிறான். அற்புதமான விடை! வென்னர்ஸ்ட்ரோம் விடயத்திலே தெளிவாகத் தெரிந்த இந்த உண்மை வாங்கர் விடயத்திலே ஏன் மறந்துபோயிற்று? அவன் நடத்தும் ‘மிலேனியம்’ சஞ்சிகையிலே வாங்கர் குடும்பம் ஏற்கனவே பணம் முதலிட்டுவிட்டது என்பதையும் இங்கு நினைவுகூர்வது தகும்.

நன்கொடைச் சமாதானம் இதனினும் மோசமானது. குடும்பத்தாருக்கு ஈடு வழங்குவதாம்! எதற்கென்று சொல்லாமல் எப்படி வழங்குவது? மகளைத் தொலைத்த தாய் ஒருத்திக்கு எங்கிருந்தோ ஒரு தொகை வருகிறது. மகள் எங்கே, எவனால் மாண்டாள் என்ற செய்தி மட்டும் வருவதில்லை. அதற்குப் பெயர் ஈடன்று, வாய்ப்பூட்டு. பூட்டப்படுவது எதற்கென்று அறியாதவளின் வாயிலே போடப்படும் பூட்டு.

மூன்றாவது சமாதானத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட இயலாது. உண்மை வெளிவந்தால் ஹரியட் மறுபடியும், இம்முறை ஊர் முழுவதன் கண் முன்னால், சிதைக்கப்படுவாள் என்பது சலாண்டரின் வாதம். காப்பகங்களிலும் மனநோய் மருத்துவமனையிலும் வதைபட்டவள் அவள். சட்டம் அவளுக்கென நியமித்த பாதுகாவலனாகிய பியூர்மன் என்ற சட்டத்தரணியே அவளைப் பலாத்காரம் செய்தான். முறையிட இடமில்லை என்று கண்டு, மறைவான கமெராவிலே அதனைப் பதிவுசெய்து தன் கையாலேயே பழிதீர்த்தவள். அவள் வாயிலிருந்து வரும் இவ்வாதத்துக்குக் கனமுண்டு. ஹரியட்டின் கதை ஹரியட்டுக்கே உரியது. அவள் விருப்பமின்றி அதனை எடுத்து அச்சிடும் உரிமை எந்தப் பத்திரிகையாளனுக்கும் இல்லை. இதனை நாம் முற்றாக ஏற்கிறோம். ஆனால் நிலவறையிலே மாண்டோரின் கதை யாருக்கு உரியது? அவர்கள் சார்பிலே சம்மதம் தந்தவர் யார்? ஹரியட்டின் பெயரை மறைத்து மார்ட்டினின் பெயரை எழுத வழி தேடவேண்டியது எழுத்தாளன் கடமையன்றோ? அவன் தேடவேயில்லை. இறுதியில் அந்த ஹரியட்டே வாங்கர் கொம்பனிகளின் தலைமைப் பீடத்தில் அமர்கிறாள்.

முறையிடாத நூற்றுக்கு 92 வீதத்தினரை முகப்பிலே நிறுத்திய நூல், முறையிடவே உயிரில்லாதவர்களை உள்ளே புதைத்துவிட்டது!

அந்த வழி இருந்தது என்பதற்குச் சுவீடனின் அண்மைக்கால வரலாறே சான்று. ஸ்டொக்ஹோமிலே இலக்கிய நோபல் பரிசை வழங்கும் சுவீடிய அக்கடமியின் நிதியுதவியோடு கலை மன்றமொன்றை நடத்தியவர் ஜோன் குளோட் ஆர்னோ. அக்கடமி உறுப்பினர் ஒருவரின் கணவர். அவருடைய நடத்தை பற்றி 1996இலேயே ஒரு கலைஞர் அக்கடமிக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடப்பிலே போடப்பட்டது. மறு ஆண்டு பத்திரிகையொன்று எழுதியது. அதுவும் காற்றோடு போயிற்று. இருபது ஆண்டுகளின் பின், 2017 நவம்பரில், ‘டாகென்ஸ் நீஹீட்டர்’ நாளிதழிலே 18 பெண்கள் பேசினர். சிலர் பெயரோடும் பலர் பெயரை மறைத்தும் பேசினர். மறைத்தவர்களின் சொல்லும் சொல்லாகவே நின்றது. 2018இலே ஆர்னோ பாலியல் வல்லுறவுக் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஈராண்டாக விதிக்கப்பட்ட சிறை மேன்முறையீட்டில் இரண்டரை ஆண்டாயிற்று. அக்கடமி பிளவுண்டது, அவ்வாண்டு இலக்கியப் பரிசு வழங்கப்படவில்லை. உலக இலக்கியத்துக்கு முத்திரை குத்தும் மாளிகையின் நிழலிலேதான் இத்தனையும் நடந்தன. இலக்கியம் தூய்மையானது, சமுதாய அழுக்கு அதனைத் தீண்டாது என்போர் இதற்கு என்ன சொல்வர்?

இன்னொருவர் கோரன் லிண்ட்பேர்க். பொலிஸ் கல்லூரியின் அதிபராகவும் பின்னர் ஊப்சாலா மாவட்டப் பொலிஸ் தலைவராகவும் விளங்கியவர். பெண் சமத்துவம் பற்றி மேடைதோறும் விரிவுரை நிகழ்த்தியவர். 2010இலே வல்லுறவு முதலிய குற்றங்களுக்காக ஆறரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் அது ஆறு ஆண்டாகக் குறைந்தது. லார்சன் உயிரோடிருந்து இப்படியொரு பாத்திரத்தைப் படைத்திருந்தால், மிகைப்படுத்திவிட்டார் என்று நம் விமர்சகர்களே கூறியிருப்பர்.

லார்சனுக்கு நாம் அநீதி இழைக்கலாகாது. முதல் நூலிலே இடறியவர், அடுத்த நூலிலே, பெண்களை விலைக்கு வாங்கும் ஆண்களின் பெயர்களை அச்சிட ‘மிலேனியம்’ ஆயத்தமாவதாக எழுதினார்; அந்த ஆண்களிற் சிலர் சட்டத்தைக் காப்பவர்கள். 2007இல் வந்த மூன்றாம் நூலிலே வேட்டைக்காரனைக் காப்பது ஒரு குடும்பமன்று. அரசின் இரகசியப் பொலிசுக்குள் இயங்கும் ஒரு பிரிவே. தப்பிவந்த உளவாளி ஒருவன் தேவைப்பட்டான் என்பதற்காக, அவன் தன் மனைவியை வதைத்ததைக் கண்டும் காணாதிருந்து, தாயைக் காக்க முயன்ற மகளைப் பைத்தியக்காரியாக்கிய பிரிவு அது. அம்மகளே சலாண்டர். இம்முறை நிலவறையோ இரகசிய உடன்பாடோ இல்லை, பகிரங்க நீதிமன்றம். பெண் சட்டத்தரணி ஒருத்தி ஆவணம் ஆவணமாக எடுத்துவைக்க, பியூர்மனின் கொடுமையைப் பதிவுசெய்த அதே படச்சுருள் அங்கே காட்டப்படுகிறது. தனியொருத்தியின் பழிவாங்கல் சாட்சியமாக மாறும் அந்த அத்தியாயங்களை எழுதியவரை நச்சு இலக்கியக்காரர் என்று தள்ளுவோருடன் நாம் உடன்படமாட்டோம்.

இவ்வளவையும் எண்ணித் தெளிந்தபின், அம்மாணவியை அழைத்து, மூன்றாம் நூலை வாசிக்குமாறு கூறினோம். அதிலே உன் கேள்விக்கு விடையிருக்கிறது என்று சற்றுப் பெருமையோடே சொன்னோம் என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டு வாரங்கள் கழித்து வந்தாள். நீதிமன்றக் காட்சியை இரவிரவாக வாசித்ததாகச் சொன்னாள். பிறகு, தயங்கிக்கொண்டே, “ஆனால் சேர், மார்ட்டின்ர வீட்டில செத்த அந்தப் பெண்களைப் பற்றி இதிலையும் ஒருத்தரும் கதைக்கேல்லை” என்றாள்.

புரட்டிப் பார்த்தோம். அவள் சொன்னது சரிதான்.