உண்ணி சுவரில் இருக்கிறது

ஒவ்வோர் ஆண்டும் மாசி, பங்குனி மாதங்களில் நாய் வளர்ப்போருக்கான வசந்தகாலத் தூய்மைக் குறிப்புகள் இணையத்தில் வந்து குவிகின்றன. கம்பளத்தை வேக்குவம் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள், நாயின் படுக்கையை வெந்நீரில் துவையுங்கள், பனிக்கால உரோமத்தைச் சீவி எடுங்கள் என்று அவை நீள்கின்றன. இவற்றைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால், கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸில், ஒரு லைன் வீட்டில் நாயுடன் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கொரு மாற்றுக் கருத்து உண்டு. நாயின் பருவகாலப் பராமரிப்பு நாயின் உடலில் தொடங்குவதில்லை. வீட்டின் சுவரில் தொடங்குகிறது.

முதலில் பருவத்தைப் பற்றி. மேலைநாடுகளில் வசந்தம் என்பது பனி உருகும் காலம். நமக்கோ சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதாவது, வெப்பத்தின் இளமைக் காலம். நம்முடைய பெருந்தூய்மை அதற்கு மூன்று மாதங்கள் முன்பே, மார்கழியின் கடைசி நாளான போகியன்று முடிந்துவிடுகிறது. தங்கவயல் பீடபூமியில் உயரமாக அமைந்த ஊர். தை மாத இரவுகளில் நன்றாகக் குளிரும். குளிரில் மந்தமாக இருக்கும் உண்ணி, பங்குனி வெயிலில்தான் வேகமாகப் பெருகுகிறது. ஆகவே, நாய் உள்ள வீட்டுக்குப் போகி மட்டும் போதாது. பங்குனியில் இரண்டாவது தூய்மை ஒன்று வேண்டும்.

பழுப்பு நாய் உண்ணியின் வாழ்க்கையை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு நாயின் இரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழுகிறது. மறைவிடத்தில் தோலுரித்து வளர்ந்து மீண்டும் நாயின் மேல் ஏறுகிறது. வளர்ந்த உண்ணியாவதற்குள் இது இருமுறை நிகழ்கிறது. பின்னர் வயிறு நிரம்பிய பெண் உண்ணி நாயிலிருந்து இறங்கி, சுவர் விரிசலிலோ கதவு நிலையின் இடுக்கிலோ ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. உணவின்றியும் பல மாதங்கள் உயிர்வாழ அதனால் முடியும். ஆக, உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. நாயைக் குளிப்பாட்டி, கண்ணில் பட்ட உண்ணிகளைப் பிடுங்கியதும் வேலை முடிந்ததென்று நினைப்பது, வீட்டுக்குள் ஓடி ஒளிந்த திருடனை வாசலில் தேடுவது போன்றது.

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாட்டு நாய் இருந்தது. ஒரு சித்திரையில் அது சாப்பிட மறுத்தது. நான்காம் நாள் மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிரி இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடும் என்பதை நான் பிற்காலத்தில்தான் படித்தேன். வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கும் மேல் மாண்டது இதே நோயால்தான். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்துக் குணப்படுத்தலாம். எங்களுக்கு அது தெரியவில்லை. நாயைப் பார்த்த மருத்துவர், "வீட்டைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டாமா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. தினமும் இருமுறை தரையைத் துடைப்பவர் அவர்.

அந்தக் கேள்வியைத்தான் நான் மறுக்கிறேன். லைன் வீடுகள் பொதுச் சுவரால் ஒட்டிக் கட்டப்பட்டவை. அடுத்த வீட்டு விரிசலும் எங்கள் வீட்டு விரிசலும் ஒன்றே. சுரங்கம் நடந்தவரை அவை நிறுவனத்தின் வீடுகள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பிறகு பல குடும்பங்கள் வீட்டுரிமை கேட்டு நீண்ட காலம் காத்திருந்தன. தனதாகுமா ஆகாதா என்று தெரியாத சுவருக்கு எவர் சிமெண்டு வாங்கிப் பூசுவார்? ஒரு குடும்பத்தின் ஒழுங்கின்மையாகப் பார்க்கப்பட்டது, உண்மையில் வீட்டுரிமைச் சிக்கல்.

மனிதர் வாழ்வே நொந்து கிடக்கும் ஊரில் நாயின் உண்ணிதான் குறையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சுவரின் ஓரத்தில்தான் குழந்தைகளும் பாய் விரித்து உறங்குகிறார்கள். மனிதரைத் தாக்கும் ஒருவகை உண்ணிக் காய்ச்சலையும் இதே உண்ணி பரப்ப வல்லது. ஆடிக் காற்றில் சயனைடு மேடுகளிலிருந்து பறந்துவரும் தூசு, மனிதர், நாய் என்று பிரித்துப் பார்த்து மூக்கில் ஏறுவதில்லை. 13 மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மண்ணை வைத்துக்கொண்டு வாழும் ஊரில் நாயின் நலமும் மனிதர் நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

எனவே, செய்யக்கூடியவை சில. பங்குனி முதல் வாரத்தில் லைன் முழுவதும் ஒரே நாளில் தூய்மை செய்ய வேண்டும். ஒரு வீடு மட்டும் செய்தால் உண்ணி பக்கத்து வீட்டிலிருந்து திரும்பிவிடும். விரிசல்களை அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்த வேண்டும். மண்ணெண்ணெயையோ வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தையோ நாயின் மேல் தடவக் கூடாது. நாய் அதை நக்கும், நஞ்சேறும். எல்லா நாய்களுக்கும், தெருநாய்கள் உட்பட, கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி ஒரே நேரத்தில் உண்ணி மருந்து தர வேண்டும்.

2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் தெருநாய்களைச் சமூக விலங்குகள் என்று அழைக்கின்றன. அவ்விதிகள் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் மையமாகக் கொண்டவை. அந்த முகாம்களிலேயே உண்ணி மருந்தையும் சேர்ப்பது பெரிய செலவன்று. கால்நடை மருத்துவ மாணவர்களிடம் நான் வேண்டுவதும் ஒன்றுதான்: நாயைப் பரிசோதித்த பிறகு, அதன் வீட்டுச் சுவரையும் ஒருமுறை பாருங்கள். அந்தச் சுவர் யாருடையது என்றும் கேளுங்கள்.