மலையில் வழுக்கி விழுவது நம் பெண்கள் மட்டும்தானா?

தோட்டத் தொழிலாளக் குடும்பங்களே,

ஒரே லயத்தில் பிறந்த இரண்டு சகோதரிகளைப் பற்றி முதலில் சொல்கிறோம். பெயர் சொல்ல மாட்டோம். தோட்டத்தையும் சொல்ல மாட்டோம்.

அக்கா தோட்டத்திலேயே கொழுந்து எடுக்கிறார். தங்கச்சியைச் சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். (அப்படி எத்தனை பிள்ளைகளை அனுப்பினோம் என்பது தனியாக எழுத வேண்டிய கதை. அந்தப் பழியில் கூட்டிப் போனவர்களுக்கும் பங்கு உண்டு, அனுப்பி வைத்த நமக்கும் பங்கு உண்டு.) அவர் அங்கேயே கல்யாணம் முடித்து, இன்று சுன்னாகம் பக்கம் வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார். இருவருக்கும் வாய்த்த புருஷன்மார் கை நீட்டுகிறவர்கள்.

சென்ற வருடம் தங்கச்சிக்குக் கை முறிந்தது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போய், கிணற்றடியில் விழுந்துவிட்டேன் என்றார். கட்டுப் போட்ட பிறகு ஒரு மிஸ்ஸி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். பிறகு 'நட்பு நிலையம்' என்று பலகை போட்ட அறைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே வெகுநேரம் அழுத பிறகுதான் தங்கச்சிக்குப் பேச்சே வந்ததாம். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதே வருடம் அக்காவுக்குக் கண்ணுக்கு மேலே காயம். தோட்டத்து டிஸ்பென்சரிப் புத்தகத்தில் எழுதியிருப்பது: 'மலையில் வழுக்கி விழுந்தது'. அன்று ஞாயிற்றுக்கிழமை. பெரட்டும் இல்லை, மலைக்கு ஒருவரும் போகவுமில்லை. திங்கட்கிழமை அவருடைய பிள்ளை தரம் நான்கில் எங்கள் முன்னால் மேசையில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க விழித்திருந்த பிள்ளையை எந்த ஆசிரியருக்கும் அடையாளம் தெரியும்.

இந்த 'நட்பு நிலையம்' என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியாது. சிங்களத்தில் 'மிதுரு பியச' என்பார்கள். 2007இல் மாத்தறை வைத்தியசாலையில் தொடங்கிய ஏற்பாடு. சுகாதார அமைச்சின் குடும்ப சுகாதாரப் பணியகம் பின்பு அதை மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. பலகையில் அடி, உதை, வன்முறை என்று ஒரு சொல்லும் இல்லாதது வேண்டுமென்றே செய்தது. வாசலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து ஊர் கதை கட்டக் கூடாது அல்லவா? பயிற்சி பெற்ற வைத்தியரும் தாதியும் தனியாக வைத்துப் பேசுவார்கள். காயத்தைப் பதிவு செய்வார்கள். இன்றிரவு வீட்டுக்குத் திரும்புவது ஆபத்தில்லையா என்று கேட்பார்கள். தேவைப்பட்டால் சட்ட வைத்திய அதிகாரியிடமோ, மனநலப் பிரிவுக்கோ, சட்ட உதவிக்கோ அனுப்புவார்கள். பொலிசில் முறைப்பாடு செய்தால்தான் உதவி என்று நிபந்தனை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: அடையாளம் தெரிந்தால் கேள், குற்றம் சொல்லாமல் காது கொடு, முடிவை அவளிடமே விடு.

கேட்கிற வேலையோடு எண்ணுகிற வேலையும் அங்கே நடக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு கொழும்புக்குப் போகிறது. அந்தக் கணக்கில் தங்கச்சி ஒன்று. அக்கா எந்தக் கணக்கிலும் இல்லை.

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் பெண்களிடம் நேரில் கேட்டு ஓர் ஆய்வு செய்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது 5 பேரில் ஒருவர், அந்தத் துணையின் கையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. இப்போது நம் டிஸ்பென்சரிப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். வழுக்கி விழுந்தது, கதவு இடித்தது, விறகு பட்டது. புத்தகத்தை நம்பினால் தோட்டத்தில் அடி வாங்கும் பெண் ஒருத்தியும் இல்லை. ஒருத்தியும் இல்லாத இடத்துக்கு அமைச்சு ஏன் அறை கட்டும்? ஏன் ஆள் போடும்?

அப்படியென்றால் தோட்டத்து டாக்டரையா உண்மையை எழுத வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்தப் புத்தகம் யாருடையது? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது டிஸ்பென்சரிகளும் சேர்ந்தே போயின. சில தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. மிச்சம் அப்படியே கிடக்கிறது. டாக்டரையாவுக்குச் சம்பளம் கம்பனி கொடுக்கிறது. புத்தகத்தை ஆபீஸ் கேட்டால் காட்ட வேண்டும். ஆபீசுக்குத் தெரிந்தது பின்னேரம் லயத்துக்குத் தெரியும், இரவு புருஷனுக்குத் தெரியும். அந்தப் புத்தகத்தில் உண்மையை எழுதினால் அக்காவுக்கு இன்னொரு காயம்தான் மிஞ்சும். அவர் பொய் சொன்னது முட்டாள்தனத்தால் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

ஆகவே நாம் கேட்பது கம்பனி பார்க்க முடியாத புத்தகம். டிஸ்பென்சரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வரைக்கும், கர்ப்பிணி கிளினிக்குக்கும் தடுப்பூசிக்கும் வருகிற அரசாங்க மருத்துவிச்சியும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் இந்தப் பதிவைத் தங்கள் பொறுப்பில் வைக்க வேண்டும். தமிழில் கேட்க ஆள் வேண்டும். கேட்பவர் தனி அறையில் கேட்க வேண்டும். டவுன் ஆஸ்பத்திரியின் நட்பு நிலையத்துக்குப் போகிற பெண்ணுக்கு அன்றைய பேர் விழ வேண்டும். ஒரு நாள் பேரும் பஸ் காசும் போகும் என்றால் யார் போவார்கள்?

யாழ்ப்பாணத்தைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் தங்கச்சி முறைப்பாட்டோடு பொலிசுக்குப் போனபோது, பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போகச் சொல்லித்தான் முதலில் அனுப்பியிருக்கிறார்கள். கௌரவம் பார்த்து மூடி மறைப்பதில் யாழ்ப்பாணம் நமக்குச் சளைத்ததும் அல்ல. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமும் குடும்ப உறவுகளுக்குத்தான். வேலைக்கு வைத்த வீட்டில் அடி வாங்கும் பிள்ளைக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் ஒரு கதவு இருந்தது, கேட்க ஒருவர் இருந்தார். அக்காவுக்கு அது இல்லை.

அக்காவுக்கு இருந்தது நம் சங்கம். இங்கேதான் வெட்கப்பட வேண்டியிருக்கிறது. அவர் முதலில் போனது டிஸ்பென்சரிக்கு அல்ல, தலைவர் வீட்டுக்கு. தலைவர் புருஷனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை ஏசி, கோயிலில் சத்தியம் வாங்கி, இருவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்பினார். 'புருஷன் பெண்டாட்டி சண்டை, நமக்கென்ன' என்றும் சொன்னார். கொழுந்து நிறுவையில் ஒரு கிலோ கூடுதலாக வெட்டினால் வேலையை நிறுத்துகிற சங்கம் நாம். அந்தக் கொழுந்தை எடுத்த கை முறிந்தால் மட்டும் அது வீட்டு விஷயமா? குடிதான் காரணம் என்று சொல்வதும் போதும். குடித்தவன் துரைக்கு முன்னால் கை நீட்டுவதில்லை. யாரை அடிக்கலாம் என்று போதையிலும் அவனுக்குத் தெரிகிறது.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பொலிஸ் போகாவிட்டாலும் பெண் தானே நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். 12 மாதம் வரை அது செல்லும். அதை மீறினால் குற்றம். நம் தலைவர்மாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஆலோசனைக்கு 1938 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். போன் புருஷன் கையில் இருக்கிற வீடுகள் உண்டு என்பதும் நமக்குத் தெரியும். அதற்காகத்தான் மாதர் பிரிவில் இருவர் கூடப் போகத் தயாராக இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கும் வருவார்கள், கோட்டுக்கும் வருவார்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் முதல் விஷயமாக டிஸ்பென்சரிப் புத்தகத்தைப் போட்டிருக்கிறோம். இரண்டாவது விஷயம், அடிபட்டு வரும் பெண்ணைத் தலைவர்மார் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பக் கூடாது என்ற தீர்மானம். எதிர்க்கிறவர்கள் கூட்டத்துக்கு வந்து, பெண்கள் முன்னால் எழுந்து நின்று எதிர்க்கட்டும். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.