காற்று திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள்

காட்டுத்தீ என்றதும் 2018 மார்ச்சில் 23 உயிர்களைப் பலிகொண்ட குரங்கணி மலைதான் நினைவுக்கு வருகிறது. சமவெளி வயலில் நாம் வைக்கும் தீயை யாரும் பொருட்படுத்துவதில்லை. எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நவரை அறுவடை முடிந்ததும், சொர்ணவாரிக்கு நிலத்தைத் தயார் செய்ய அரிதாளையும் வரப்புப் புல்லையும் கொளுத்துவோர் இன்னும் உண்டு.

ஆபத்து காற்றில் இருக்கிறது. மே, ஜூன் மாதங்களில் இங்கே காலையில் பெரும்பாலும் மேல்காற்று வீசும். களமும் வைக்கோல் போரும் வயலுக்கு வடக்கே இருந்தால், பயமில்லை என்று தீ வைக்கிறோம். தீ கிழக்கே நீண்டு செல்லும். வடக்கு ஓரம் மெல்ல எரியும். நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று புகுந்ததும் அந்த நீண்ட வடக்கு ஓரம் முழுவதும் தீயின் முகமாகிவிடும். பிறகு போரைக் காப்பது கடினம்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று நடந்ததும் இதுவே. மாலையில் காற்று திசை மாறியதும் தீயின் பக்கவாட்டு ஓரமே முகமாகிப் பாய்ந்தது. அன்றைய தீயில் மாண்டவர்கள் 173 பேர்.

தீ காற்றுக்கு ஆடுகிறது. காற்றும் தீக்கு ஆடுகிறது. தீயின் வெப்பத்தால் காற்று மேலெழும்பும். அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலுமிருந்து காற்று பாய்ந்து வந்து தீயை மேலும் விசிறிவிடும். இவ்விரண்டையும் சேர்த்துக் கணிப்பொறியில் கணக்கிடும் முறையை அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்தினர் 1990-களிலேயே உருவாக்கத் தொடங்கினர். மலைக்காட்டுக்கு அத்தகைய கணக்கு அவசியம். இரண்டு ஏக்கர் விவசாயிக்கு அவ்வளவு வேண்டாம். கடற்காற்று தன் வயலுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தால் போதும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. ராயபுரத்தை அடுத்த சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தில் 2002-ல் டாப்ளர் ராடார் நிறுவப்பட்டது. மழை மேகத்தை மட்டுமன்றி, கடற்காற்று நிலத்துக்குள் நகர்ந்து வருவதையும் இத்தகைய ராடாரில் காணலாம். கரையைத் தொட்ட காற்று உள்ளே இருக்கும் வயல்களுக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது. அந்த இடைவெளி எச்சரிக்கைக்குப் போதுமானது. வானிலைத் துறை செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளியிடும் வேளாண் அறிக்கையில் நாளொன்றுக்கு ஒரு காற்றுத்திசையே தரப்படுகிறது. ஒரே நாளில் இரு காற்று வீசும் கடலோரத்துக்கு இது போதாது. கோடையில் காற்று திரும்பும் நேரத்தையும் அன்றன்று கைப்பேசியில் தெரிவிக்க வேண்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்கலாகாது. அரிதாளை மடக்கி உழுவதே உத்தமம். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையாய்ப் போய்விடும். வைக்கோல் போரைச் சுற்றி நான்கு சால் உழுது புல்லில்லாமல் வைத்திருங்கள். அக்கம்பக்கத்தில் எவர் தீ வைத்தாலும், நண்பகலுக்குள் அது முற்றும் அணைந்ததா என்று நேரில் பார்த்துவிடுங்கள். மிச்சக் கங்கு ஒன்று போதும், ஓராண்டுத் தீவனம் சாம்பலாக.