கார்பன் இல்லாத தீவும் ஜல்லி இல்லாத கணக்கும்

'கார்பன் சமநிலைத் தீவு' என்ற பேச்சு பதினைந்து வருஷத்துக்கு மேலாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. கூரையில் சோலார், குழாயில் சுத்திகரித்த கடல்நீர், விட்ட கரிக்கு ஈடாக எங்கோ கொஞ்சம் மரம். ஆகவே விடுதியின் கணக்கு பூஜ்யம், மனசாட்சி உறுத்தாமல் மல்லாந்து படுக்கலாம் என்கிறார்கள்.

இதை ஊரறியச் செய்தவர் மாலத்தீவின் அன்றைய அதிபர் முகமது நஷீத். பத்தே வருஷத்தில் நாடே கார்பன் சமநிலைக்கு வந்துவிடும் என்று 2009 மார்ச்சில் அறிவித்தார். அந்த அக்டோபரில் அமைச்சரவையைக் கடலுக்கடியில் கூட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள். 2012இல் அவர் பதவி போனது. பின்னால் வந்தவர்கள் கெடுவை 2030க்குத் தள்ளினார்கள். மின்சாரம் இன்றும் பெரும்பகுதி டீசலில்தான் வருகிறது.

மரம் நடுவதைப் பற்றி ஒரு வரி போதும்: கிரேட் நிக்கோபாரில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் காட்டை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஹரியானாவில் நடப்போகிறார்கள். விமானப் புகைக்கு இன்னொரு வரி: 2024இல் மாலத்தீவுக்குப் போன 20 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் தோணியில் போகவில்லை.

என் கோபமெல்லாம் ஜல்லியில்தான். நான் பெருமுக்கல் பக்கத்து ஆள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் இருக்கிற ஊர். மலையில் சிவன் கோயில் உண்டு, ஆதி மனிதர்கள் பாறையில் கீறிவைத்த உருவங்களும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் குவாரிகள். துளை போட கம்ப்ரஸர், பிறகு வெடி, வாரிப்போட ஹிட்டாச்சி, எல்லாம் டீசல். கிரஷர் வாயில் விழுகிற பாறை ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ் என்று தனித்தனிக் குவியலாக இறங்கும். மிச்சத் தூள் புளியமரத்து இலையில் படிந்து, நல்ல மழை பெய்யும்வரை சாம்பல் நிறத்திலேயே கிடக்கும்.

பவளத் தீவில் பாறை ஏது? 2024-25க்கு மாலத்தீவுக்கு அனுப்ப இந்தியா அனுமதித்த அளவு 10 லட்சம் டன் ஜல்லி, 10 லட்சம் டன் ஆற்று மணல். அங்கே ஜனத்தொகை ஐந்து லட்சம் சொச்சம். தலைக்கு ஏறக்குறைய இரண்டு டன் ஜல்லி! அது பெருமுக்கல் கல் என்று நான் சொல்லவில்லை. ஏதோ ஓர் ஊரின் மலை. எல்லாமே ரிசார்ட்டுக்கா என்று கேட்பார்கள். இல்லைதான். விருந்தினரின் விமானம் இறங்கவும், அறை பெருக்குகிறவன் குடியிருக்கவும் கூடத்தானே வேண்டும்?

அந்த ஜல்லியைப் பிடித்துவைக்க சிமெண்ட் வேண்டும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். சூளையைச் சூரிய ஒளியிலேயே எரித்தாலும் அந்த 44 குறையாது. அது கல்லுக்குள் இருப்பது. நாங்கள் மூங்கிலில் கட்டுகிறோம் என்பவர்களும் உண்டு. ஜெட்டியும் ஜெனரேட்டர் அறையும் மூங்கிலா?

ரிப்பன் வெட்டிய நாளிலிருந்துதான் இவர்கள் கணக்கே தொடங்குகிறது. அன்று காலைவரை ஆன செலவையும் எழுதட்டும்: எத்தனை லோடு, எத்தனை மூட்டை, எந்தத் துறைமுகம், எந்த மலை. வரவேற்பறையில் இளநீர் நீட்டும்போது அந்த ஏட்டையும் சேர்த்து நீட்டலாம்.